எந்தக் கடை காலண்டர்டி இது?

போன தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கையில கோலாலம்பூர்லேர்ந்து என் பேத்தி பாகான் டத்தோவுக்கு வந்தா. தோள்ல இருந்த பையைக்கூட இறக்கலை. "தாத்தா, இங்க பாருங்க"ன்னு ஹேண்ட்போனை என் மூக்குக்கு நேரா நீட்டுனா.

கண்ணாடியைக் கைலியில துடைச்சு மாட்டிக்கிட்டுப் பார்த்தேன். ஒரு பொம்பளை. சிவப்புச் சேலையில வெள்ளைப் புள்ளி. கொண்டையில ஒரு பூவு, பூவைவிடப் பெரிசா ரெண்டு கண்ணு. பழைய காலத்து ஸ்கூட்டர் மேல சாய்ஞ்சுக்கிட்டு, யாரோ பின்னாலேர்ந்து 'பே'ன்னு கத்துன மாதிரி உதட்டைக் குவிச்சுக்கிட்டு நிக்கிறா. பின்னால இளமஞ்சள்ல ஒரு வட்டம். ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடக்கு.

"நல்லாத்தான் இருக்கு. எந்தக் கடை காலண்டர்டி இது?"ன்னேன்.

புள்ளைக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "தாத்தா, அது நான்."

எனக்கு வயசு எண்பது. இந்தத் தோள்ல தூக்கித் திரிஞ்ச புள்ள அவ. அவளுக்கு எங்க அம்மாவோட மூக்கு. நல்லாப் படர்ந்து, நுனியில ஒரு சின்ன மேடு. நிறம் அவ பாட்டி குடுத்தது, கோப்பி ஓ நிறம். படத்துல இருந்தவளுக்கோ மூக்கு சீவுன பென்சில் மாதிரி, நிறம் பாலை அள்ளி ஊத்துன தே தாரே. எனக்கு அடையாளம் தெரியலைன்னா அது என் கண்ணுக் கோளாறா? ரெண்டு மாசம் முந்தித்தான் புரை எடுத்துட்டு வந்தேன். செம்பனைக் குலையில பழுத்த காய் எது, பழுக்காதது எதுன்னு ரோட்டுலேர்ந்தே சொல்லுவேன்.

அன்னிக்கு அவ எனக்குப் பாடம் நடத்துனா, அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருச்சு. நான் அவளுக்கு நடத்துன பாடம் இன்னும் முடியலை. அவ பஸ் ஏறிப் போயிட்டதால மிச்சத்தை உங்ககிட்ட சொல்லுறேன்.

"இதுக்குப் பேரு ரெட்ரோ பின்-அப், தாத்தா. எழுபது எண்பது வருசம் முந்தி அமெரிக்காவுல இப்படித்தான் பொம்பளைப் படம் வரைவாங்களாம். நம்ம போட்டோவைக் குடுத்தா அதே மாதிரி மாத்திக் குடுக்கும்."

பின்னுன்னா குண்டூசி. அது எனக்குத் தெரியும். தோட்டத்து ஆப்பீஸ்ல கிராணிக்கு ரெண்டு வருசம் காகிதம் தூக்கிக் குடுத்தவன் நான். செவுத்துல குண்டூசி குத்தி மாட்டுற பொம்பளைப் படம், அதான் பின்-அப். இதைக் கத்துக்க அமெரிக்காவுக்கா போகணும்? மெட்ராஸ்ல பி.ஆர்.எஸ். கோபால்னு ஒருத்தர் சினிமாப் பத்திரிகை நடத்துனாரு. பத்திரிகைக்குப் பேரே 'குண்டூசி'. அவருக்கும் 'குண்டூசி' கோபால்னே பேரு நிலைச்சுப் போச்சு. அவரு குத்துனது வேற இடத்துல, அதை விடுங்க. 'குண்டூசி'யும் 'பேசும் பட'மும் எப்படியோ கடல் தாண்டி எங்க லயத்துக்குள்ள வந்து சேரும். படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் படிப்பான். மத்தவனெல்லாம் அவன் எப்போ முடிப்பான், அட்டையை எப்போ கிழிக்கலாம்னு காத்துக்கிட்டு இருப்பான்.

பேருதான் குண்டூசி, எங்ககிட்ட ஊசி ஏது? சோத்துப் பருக்கையை நசுக்கித் தடவிப் பலகைச் செவுத்துல ஒட்டுறதுதான். ஒரு பலகையில பத்மினி, அடுத்த பலகையில சாவித்திரி, நடுவுல பொதுவா முருகன். ராத்திரியில கரப்பான் வந்து பசையோட சேர்த்துக் காகிதத்தையும் தின்னும். விடிஞ்சு பார்த்தா சரோஜாதேவிக்கு ஒரு கன்னம் இருக்காது. அதுக்காக நாங்க அந்தம்மா மேல வச்ச பாசத்தைக் குறைச்சுக்கலை. பேத்திகிட்ட இதைத்தான் முதல்ல சொன்னேன்: ஒரு கன்னம் இல்லாமலும் அது சரோஜாதேவின்னு எங்களுக்குத் தெரிஞ்சுது, உனக்கு ரெண்டு கன்னமும் இருக்கு, நீ யாருன்னு தெரியலையே!

அவ விடுவாளா? அமெரிக்க ஓவியர் ஒருத்தரைக் காட்டுனா. கில் எல்வ்கிரென். 1914ல பிறந்து 1980ல செத்தவரு. மின்னசோட்டா மாநிலத்துல செயின்ட் பால் பட்டணத்துக் காலண்டர் கம்பெனி, பிரவுன் அண்ட் பிக்லோ, அதுக்கு வருசக்கணக்கா வரைஞ்சவரு. அந்தாளு கற்பனையில வரையலை. ஒரு பொண்ணை ஸ்டூடியோவுல நிக்க வச்சு, விளக்குப் போட்டு, முதல்ல போட்டோ எடுப்பாரு. அப்புறம் போட்டோவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எண்ணெய்ச் சாயத்துல எழுதுவாரு. எழுத எழுத இடுப்பு ரெண்டு விரக்கடை குறையும், கால் நீளும், கண்ணு அகலும். அவரு எடுத்த போட்டோவையும் எழுதுன படத்தையும் ஜோடியா வச்சு இப்போ காட்டுறாங்க, நானும் பார்த்தேன். போட்டோவுல இருக்குறவ யாரோ ஒரு வீட்டுப் பொண்ணு, பாவம், நின்னு நின்னு கால் கடுத்த மாதிரி இருக்கா. படத்துல இருக்குறவளுக்கு எந்த வலியும் கிடையாது.

படத்துக்குக் கதையும் எப்பவும் ஒண்ணுதான். பாவாடை கதவு இடுக்குல மாட்டிக்கும். இல்லைன்னா நாய்க்கயிறு காலைச் சுத்திக்கும். இல்லைன்னா காத்து வந்து தூக்கிரும். அவ 'ஐயையோ'ன்னு வாயைக் குவிப்பா. எங்க தோட்டத்துல பாவாடை முள்ளுல மாட்டிக் கிழிஞ்சா அம்மா ரெண்டு வசவு விட்டுத் தைச்சுக் குடுக்கும். அங்க கிழிஞ்சா காலண்டர்!

1943ல பெட்டி கிரேபிள்னு ஒரு நடிகை முதுகைக் காட்டித் தலையைத் திருப்பிச் சிரிக்கிற போட்டோ, சண்டைக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களோட பெட்டியிலெல்லாம் கிடந்துச்சாம். அந்தம்மா காலுக்குப் பத்து லட்சம் டாலர் இன்சூரன்ஸ். எங்கம்மாவும் காலை வச்சுத்தான் பொழைச்சுது. கித்தாத் தோட்டத்துல, அதான் ரப்பர் தோட்டத்துல, விடியாத நேரம் பெரட்டுக்குப் போய்ப் பேர் குடுத்துட்டு மரம் மரமா ஓடுன காலு. அட்டை கடிச்சா புகையிலைச் சாறு. அதான் எங்க இன்சூரன்ஸ் கம்பெனி, கட்டணமும் கிடையாது.

பேத்தி சிரிச்சா. சரி, பேச்சு இறங்குதுன்னு நான் அடுத்த கோப்பிக்குச் சொல்லி உக்காந்தேன்.

சின்ன வயசுல ஊத்தான் மெலிந்தாங் டவுனுக்குப் போனா, சாமான் வாங்குற கடையில முதலாளி தவுக்கே தலைக்கு மேல ஒரு சீனப் பொண்ணு சிரிச்சுக்கிட்டு இருப்பா. சாங்காய் காலண்டர். அந்தப் பொண்ணோட முகத்துல கோடே இருக்காது. உரிச்ச முட்டை மாதிரி. எப்படின்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ஜெங் மன்டுவோன்னு ஒரு ஓவியர், நூறு வருசத்துக்கு முந்தி சாங்காய்ல இந்த வித்தையை வச்சே பேர் எடுத்தவரு. கரித்தூளை முதல்ல தாள்ல தேய்ச்சுத் தேய்ச்சு முகத்தோட மேடு பள்ளத்தைக் கொண்டாந்துருவாங்க. அது மேல தண்ணிச் சாயத்தை மெலுசா ஏத்துவாங்க. கரி உள்ள, ரோசாப்பூ வெளிய. இப்போ ஹேண்ட்போன்ல 'வழவழப்பு'ன்னு ஒரு கோட்டை இழுக்குறீங்களே, அதுதான் இது. அவங்க விரல்ல கரி ஒட்டுச்சு, உங்க விரல்ல எண்ணெய் ஒட்டுது.

நம்ம பக்கம் அந்த வேலையை எடுத்துக்கிட்டவரு கொண்டையா ராஜு. 1898ல பிறந்தவரு. மெட்ராஸ் ஓவியப் பள்ளியில படிச்சு, திருவண்ணாமலையில ரமணர்கிட்ட கொஞ்ச காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதி, கடைசியில கோவில்பட்டியில தங்கிட்டாரு. அவரும் அவரு சிஷ்யப் புள்ளைங்களும் எழுதுன சாமிப் படம் சிவகாசியில அச்சாகி, தமிழன் இருக்குற ஊரெல்லாம் ஆணியில தொங்குச்சு. எங்க வீட்டு லட்சுமியும் அப்படி வந்தவதான். அவளுக்கு அச்சு ஒரு நூல் நகர்ந்திருச்சு. உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு வெளிய வந்து, மகாலட்சுமி வெத்தலை போட்டுத் துப்ப இடம் தேடுற மாதிரி இருப்பா. அந்த அச்சுக்காரன் முதலாளிகிட்ட எத்தனை வசவு வாங்குனானோ. இப்போ பேத்தி சொல்லுறா, அந்தப் பிழையைச் சேர்க்கத் தனியா ஒரு பொத்தான் இருக்காம். சாயத்தை வேணும்னே ஒரு நூல் நகர்த்தும், புள்ளி புள்ளியாப் போடும், ஓரத்தைப் பழுப்பாக்கும். கரப்பான் தின்ன ஓட்டைக்கு மட்டும்தான் பொத்தான் வரலை. வந்துரும்.

இப்போ, எந்தக் கடைன்னு நான் கேட்ட கேள்விக்கு வர்றேன். சாங்காய்ப் பொண்ணு காலுக்குக் கீழ சிகரெட் கம்பெனி பேரு. அமெரிக்காக்காரி காலுக்குக் கீழ டயர்க் கடையோ எண்ணெய்க் கடையோ. எங்க லட்சுமி தாமரைக்குக் கீழ மளிகைக் கடை பேரு, கடன் சொல்லாதீங்கன்னு ஒரு வரி. காலண்டர்ல நிக்கிற எவளும் சும்மா நிக்கலை. ஏதோ ஒரு கடைக்கு வேலை பார்த்தா. அப்போ நீ எந்தக் கடைக்கு வேலை பார்க்குற, கண்ணு?

"நான் யாருக்கும் வேலை பார்க்கலை தாத்தா. சும்மா ஜாலிக்கு"ன்னா.

சரி, ஜாலி. ஆனா அவ சொன்ன கதையே எனக்குப் பதில் சொல்லிருச்சு. 2025 ஆகஸ்டு கடைசியில கூகுள்காரன் ஜெமினியில ஒரு புதுப் படக்கருவியை விட்டான். அதுக்குச் செல்லப் பேரு 'நானோ பனானா'. பேத்தி சொன்னதும் எனக்குப் புரிஞ்சுது: பிசாங் மாஸ்! விரல் நீளம்தான் இருக்கும், ஒரு சீப்பைத் தின்னாலும் வயிறு ரொம்பாது. அடுத்த மாசமே இந்தியா முழுக்கப் பொண்ணுங்க அந்தப் பழத்தைத் தின்னு, பழைய இந்திப் படக் கதாநாயகி மாதிரி சிஃபான் சேலையில காத்துல பறந்தாங்க. தலையில பூவு, முகத்துல சாயங்கால வெயிலு, பின்னால நிழலு. எல்லாப் பொண்ணுக்கும் ஒரே வெயிலு.

அதுல ஒரு பொண்ணு ஒண்ணைக் கவனிச்சா. அவ குடுத்த போட்டோவுல முழுக்கை உடுப்பு. வந்த படத்துல கை தெரியுது, அந்தக் கையில ஒரு மச்சம். நிசமாவே அவளுக்கு அந்த இடத்துல மச்சம் இருக்கு! குடுத்த படத்துல தெரியாத மச்சம் அதுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு அவ பயந்து சொல்ல, ஊரே பயந்துச்சு. குருட்டு அதிர்ஷ்டமா, வேற எங்கேயோ போட்ட படத்தைப் பார்த்துச்சான்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எங்க தோட்டத்துல மச்சம் சொல்ல ஒரு குறி சொல்றவ வருவா. அவளுக்கு ஒரு படி அரிசி. அவளும் முதல்ல பக்கத்து வீட்டுல விசாரிச்சுட்டுத்தான் வருவா.

இன்னொண்ணும் கேட்டேன். அந்தப் படத்துல கூகுள்காரன் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை பதிக்கிறானாம். 'சிந்த்ஐடி'ன்னு பேரு. மனுசன் கண்ணுக்குப் படாது, அவன் கருவிக்குப் படும். கருவி செஞ்ச படம் எது, கேமராப் படம் எதுன்னு கண்டுபிடிக்கிறதுக்காம். நல்ல காரியம்தான், குத்தம் சொல்லலை. ஆனா நான் பேத்தி தலையில தட்டிச் சொன்னேன்: பார்த்தியா, கடை பேரு இருக்கு. உன் கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் அவ ஒரு மணி நேரம் பேசலை. மத்தியானம் மீன் குழம்பு உள்ள போனதும் சமாதானம் ஆயிட்டா. "சரி தாத்தா, செய்யவே கூடாதுங்குறீங்களா?"

செய், நான் எங்க வேணாம்னேன்? செய்யிறதை ஒழுங்காச் செய். வெத்தலையை மடிச்சுக்கிட்டே சொன்னேன். நான் சொன்னதுல பாதி என் தெலுக் ஆன்சன் அனுபவம். அதைப் பின்னால சொல்லுறேன்.

முதல்ல வெளிச்சம். உச்சி வெயில்ல எடுத்த போட்டோவைக் குடுத்தா கண்ணுக்குக் கீழ கரி அப்பும், கருவி அதைக் கழுவுறேன்னு முகத்தையே கழுவிரும். கடை அஞ்சடி வராந்தாவுல, வெளிச்சம் ஒரு பக்கமா வர்ற இடத்துல நில்லு. பின்னால ஒண்ணும் இருக்கக் கூடாது. வெறும் செவுரு, இல்லைன்னா வெளிறுன வேட்டி ஒண்ணு. அந்தக் காலத்து ஓவியனுங்க பின்னால ஒரு வட்டத்தை மட்டும் போட்டு விட்டதுக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. கண்ணு வேற எங்கயும் ஓடிறக் கூடாது.

சாயம் நாலுக்கு மேல வேணாம். செங்கல் சிவப்பு, ஒரு பச்சை கலந்த நீலம், மோர் நிறத்துல தாள், கறுப்பு. ராத்திரிச் சந்தையில பிளாஸ்டிக் சாமான் விக்கிறவன் கடை மாதிரி எல்லா நிறத்தையும் கொட்டுனா பழசு போயிரும். நிழலைச் சாம்பலாக்காதே, எல்வ்கிரென் படத்துல நிழல்கூடச் சூடா, மாம்பழத் தோல் மாதிரி இருக்கும். கோடு வேணும்னா தாடையிலயும் விரல்லயும் மட்டும். மூக்குக்குக் கோடு போட்டா மூக்கு மாறிரும், மூக்கு மாறினா உங்க கொள்ளுப்பாட்டிக்கு நான் பதில் சொல்லணும்.

தோலைச் சொல்லணும். வழவழப்புக் கோட்டைப் பாதிக்கு மேல இழுக்காதே. மேல இழுத்தா சவர்க்காரம் ஆயிருவ. முக்கியமா, நிறத்துல கை வைக்காதே, வைக்கவும் விடாதே. நீ கேட்காமலே அது வெளுக்குது பார்த்தியா? அந்த வெள்ளைக்காரப் படங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கருவி. அழகுன்னா பாலு நிறம்னு அதுக்கு யாரோ சோறு ஊட்டி வளர்த்திருக்காங்க. நம்ம ஊர் ஸ்டூடியோக்காரனும் ரோஸ் பவுடரை அப்பி அதைத்தான் செஞ்சான். அவன்கிட்டயாவது 'போதும்யா'ன்னு சொல்லலாம்.

கருவிக்கு ஊரையும் எழுதிக் குடு. முதல் தடவை அவ எழுதலை. அதான் ஸ்கூட்டருக்குப் பின்னால ஒண்ணுமில்லாத வட்டம். 'பாகான் டத்தோ, தென்னந்தோப்பு, ஆத்து முகம்'னு நான் சொல்லச் சொல்ல அவ எழுதுனா. வந்துச்சு பாருங்க ஒரு படம்! தென்னை மரத்துல தேங்காய் நடுத்தண்டுல, பலாப்பழம் மாதிரி காய்ச்சிருந்துச்சு. கடலு நீலம்னா நீலம், துணிக்குப் போடுற நீலம். எங்க ஊர்த் தண்ணியைப் பார்த்தவனுக்குத் தெரியும். பேராக் ஆறு மேல இருக்குற சேத்தையெல்லாம் கொண்டாந்து இங்கதான் கொட்டுது. கடலும் தே தாரே நிறம்தான். 2017 சனவரியில எங்களைத் தனி மாவட்டம் ஆக்குனாங்க, பேராக்குல பன்னண்டாவது. பேருலயே டத்தோ பட்டத்தோட இருக்குற ஊரு. அந்தக் கருவிக்கு எங்க தேங்காய் எங்க காய்க்கும்னு தெரியலை. அதுக்கு நான் என்ன சொல்ல? வந்து ஒரு மாசம் மட்டை உரிக்கச் சொல்லு.

இதுல ஒரு இடத்துல மட்டும் நான் சிரிக்கலை. மத்தவ படத்தைக் குடுக்காதே. கூடப் படிக்கிறவ, வேலையிடத்துல பக்கத்து நாற்காலி, அத்தை மக, யாரா இருந்தாலும் அவ வாயால சரின்னு சொல்லாம அவ படம் அந்தப் பெட்டிக்குள்ள போகக் கூடாது. 2025 ஏப்ரல்ல ஜொகூர் கூலாய்ல பதினாறு வயசுப் பையன் ஒருத்தன், கூடப் படிச்ச பொண்ணுங்க படத்தைக் கருவியில போட்டு அசிங்கம் பண்ணுனான்னு போலீசு பிடிச்சுது. சேலை கட்டி விடுற கருவிதான் அதை அவிழ்க்கவும் செய்யும். உன் தம்பிகிட்டயும் சொல்லி வை. அவன்கிட்ட நான் சொன்னா தாத்தா பழம்பஞ்சாங்கம்பான்.

பழசு மேல இந்தப் புள்ளைங்களுக்கு இப்போ என்ன ஆசையோ. ஈப்போவுக்குப் போனா சந்துக்குச் சந்து பழைய காலம் விக்குது. 2014ல எர்னஸ்ட் ஸாக்காரெவிச்னு லித்துவேனியாக்காரர் ஒருத்தர் அங்க செவுத்துல படம் எழுதுனாரு. அதுல ஒண்ணு, கிழவன் ஒருத்தன் கோப்பி குடிக்கிறான். வெளியூர்லேர்ந்து வர்றவன் போறவனெல்லாம் அவன் பக்கத்துல நின்னு படம் எடுத்துக்குறான். போன வருசம் நானும் எதிர்க் கடையில உக்காந்து கோப்பிதான் குடிச்சேன். அதே வயசு, அதே கோப்பி. ஒருத்தன் என்னைப் பார்த்து, "அங்கிள், கொஞ்சம் நகருங்க, படத்துல விழுறீங்க"ன்னான்.

அந்தக் கருவி தெலுக் இந்தான் கோபுரத்தையும் விடலை. 1885ல லியோங் சூன் சோங் கட்டுனது, உள்ள தண்ணித் தொட்டி, மேல மணிக்கூண்டு. மண்ணு இளகி ஒரு பக்கமாச் சாய்ஞ்சு நிக்குது. சாய்ஞ்சதாலதான் அதுக்குப் பேரே. பேத்தி அது முன்னால நின்னு எடுத்த படத்தைக் கருவியில போட்டா, அது கோபுரத்தை நிமிர்த்தி வச்சுருச்சு! நூறு வருசத்துக்கு மேல எந்த இஞ்சினியரும் செய்யாத வேலை. நிமிர்ந்த கோபுரத்தைப் பார்க்க எவன் பஸ் ஏறி வருவான்? அந்தக் கோபுரத்துக்கு ஒரு நியாயம், உன் மூக்குக்கு ஒரு நியாயமான்னு கேட்டேன். இந்தத் தடவை அவ கொஞ்சம் யோசிச்சா.

இப்போ தெலுக் ஆன்சன் கதை. இப்போத்தான் இந்தான், 1982க்கு முந்தி ஆன்சன். 1968ல எனக்குக் கல்யாணம். மூணாம் நாள் அவளும் நானும் பஸ் ஏறிப் போய் ஒரு ஸ்டூடியோவுல படம் எடுத்துக்கிட்டோம். கறுப்பு வெள்ளைதான். கலர் வேணும்னா கையால போட்டுத் தருவாங்க, அதுக்குத் தனிக் காசு. புது மாப்பிள்ளை இல்லையா, போடுங்கன்னுட்டேன். மறு வாரம் படம் வாங்கப் போனப்போ வேலை முடியலை. உள்ள கூப்புட்டு உக்கார வச்சாங்க. அங்கதான் டச்சிங் பண்ணுற ஆளைப் பார்த்தேன்.

சாய்வுப் பலகை, நடுவுல கண்ணாடி, அதுக்குப் பின்னால விளக்கு. எங்க நெகட்டிவைக் கண்ணாடி மேல வச்சிருக்காரு. நெகட்டிவ்ல நான் வெள்ளைக்காரன், பல்லு கறுப்பு. பென்சிலை ஊசி மாதிரி சீவி, மூச்சை அடக்கிக்கிட்டு, எம்பொஞ்சாதி புருவத்துக்கு மேல புள்ளி வைக்கிறாரு. அங்க அவளுக்கு ஒரு தழும்பு. சின்னப் புள்ளையில ஆயாக் கொட்டகையில தூளியிலேர்ந்து விழுந்தது. புள்ளி, புள்ளி, புள்ளி. தழும்பு போயிருச்சு. "தழும்பு இருந்துட்டுப் போகட்டும்ணே"ன்னேன். "தம்பி, தழும்பை வீட்டுல பார்த்துக்கலாம்"னாரு. அப்புறம் அச்செடுத்த படத்துல பஞ்சை உருட்டிச் சாயத்துல தொட்டுத் தொட்டுத் தடவுனாரு. கன்னத்துக்கு ரோஸ், நகைக்கு மஞ்சள், சேலைக்குப் பச்சை.

பச்சை! அன்னிக்கு அவ கட்டியிருந்தது அரக்குப் பட்டு. எங்க மாமனாரு கடன் வாங்கி எடுத்துக் குடுத்த அரக்குப் பட்டு. கறுப்பு வெள்ளையில ரெண்டும் ஒரே சாம்பல்தானே, அந்தாளு யாரையும் கேட்கலை. திருப்பிப் போடச் சொன்னா இன்னொரு வாரம் ஆகும்னாரு. பஸ் காசு யாரு குடுப்பா? வாங்கிட்டு வந்துட்டேன்.

அந்தப் படம்தான் இன்னிக்கும் நடுவீட்டுல தொங்குது. சேலை ஆயாக் கொட்டகைத் தூளிக்குப் போய், அப்புறம் கைப்பிடித் துணியாகி எங்கயோ போச்சு. வந்தவங்களெல்லாம் படத்தைப் பார்த்து, "பச்சைப் பட்டு எடுப்பா இருக்கு"ம்பாங்க. முதல் பத்து வருசம் அவளே, "இல்லை, அது அரக்கு"ன்னு சொன்னா. அடுத்த பத்து வருசம் சும்மா இருந்தா. இப்போ அவளே, "என் கல்யாணத்துப் பச்சைப் பட்டு"ங்குறா. புள்ளைங்க, மருமகளுங்க, பேரப் புள்ளைங்க எல்லாரும் பச்சைக் கட்சி. அரக்குக் கட்சியில நான் ஒரே ஆளு.

சாயங்காலம் பேத்தி அந்தப் படத்தைத்தான் கழட்டிக் கீழ வச்சு ஹேண்ட்போன்ல எடுத்தா. "பாட்டியைப் பின்-அப் ஆக்கிக் காட்டுறேன் தாத்தா." எல்லாம் சொல்லிக் குடுத்த பிறகும்! என்னை வெட்டி எடுத்துட்டு, பாட்டியை மட்டும் போட்டா. நாங்க ரெண்டு பேரும் குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருக்கோம். சின்னச் சக்கரம் ஒண்ணு சுத்துது.

வந்துச்சு. இருபது வயசுப் பொண்ணு. மூக்கு பென்சில். கண்ணு சினிமாக்காரி கண்ணு. தழும்பும் இல்லை, தழும்பு இருந்த இடத்துல சுருள் முடி. ஊர்ல அப்படி ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. ஆனா சேலை! பழைய காலத்துச் சாயம்னு அதுவா நினைச்சுக்கிட்டு, பச்சையை அரக்கா மாத்தியிருக்கு. சாட்சாத் அந்த அரக்கு! கரையில லேசா மஞ்சள்கூட.

எனக்குத் தலைகால் புரியலை. அம்பத்தேழு வருசக் கேசுல இன்னிக்குத்தான் தீர்ப்பு. ஹேண்ட்போனைப் பிடுங்கிக்கிட்டு அடுப்படிக்கு ஓடுனேன். "ஏ இந்தா, பாரு! பார்த்தியா? அரக்கு! நான் அன்னிலேர்ந்து சொல்லலை? இதே சேலைதான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!"

அவ கையைத் துடைச்சுக்கிட்டு வாங்கிப் பார்த்தா. நல்லாப் பார்த்தா. கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டுப் பார்த்தா.

"சேலை சரிங்க. அதைக் கட்டிக்கிட்டு இருக்குறவ யாரு?"

நான் பேத்தியைத் தேடுனேன். அவ வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தா.

"உங்களைத்தான் கேட்குறேன். இவ சேலை நிறம் உங்களுக்கு இத்தனை வருசமா இவ்வளவு நல்லா ஞாபகம் இருக்கே, யாரு இவ?"

அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு கிடைச்சுது. குழம்பு கிடைக்கலை.